மூளை ரத்தக்கசிவுக்கு டெக்சா: இந்த வழக்கத்தை நிறுத்துங்கள்

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதம் வந்தவருக்கு, வீக்கத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி டெக்சாமெத்தசோன் ஊசி போடுவது தவறு. போடலாமா கூடாதா என்ற கேள்வி பாங்காக் நகரில் முறையாகக் கேட்கப்பட்டு, 1987-ஆம் ஆண்டிலேயே பதிலும் வந்துவிட்டது. அமெரிக்க இதய சங்கமும் அமெரிக்கப் பக்கவாத சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 2015-ஆம் ஆண்டு நெறிமுறை, மூளை ரத்தக்கசிவில் மண்டையோட்டு அழுத்தத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்கிறது. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட நெறிமுறையும் அதையே சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நம் ஊர் நர்சிங் ஹோம்களிலும், சில பெரிய ஆஸ்பத்திரிகளின் இரவுப் பணியிலும், சி.டி. ஸ்கேனில் ரத்தக் கட்டி வெள்ளையாகத் தெரிந்த மறு நிமிடம் கேஸ் ஷீட்டில் அந்த வரி விழுந்துவிடுகிறது: டெக்சா 8 மில்லிகிராம் உடனே, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எழுதியவரிடம் கேட்டால் "எப்போதும் போடுவதுதான்" என்கிறார்.

எப்போதும் போடுவது என்பது ஒரு காரணமே அல்ல. இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

டெக்சாமெத்தசோன் ஒரு ஹார்மோன் மருந்து. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசாலை ஒட்டிச் செயற்கையாகச் செய்யப்பட்டது. அதைவிட 25 மடங்குக்கும் குறையாத வீரியம் உள்ளது. ஹார்மோன் சிகிச்சை என்றதும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தன் தந்தையின் கையில் ஆறு மணிக்கொருமுறை ஏறுவதும் ஹார்மோன்தான் என்பது கட்டிலருகே நிற்கும் மகனுக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்வதுமில்லை, சம்மதம் வாங்குவதுமில்லை. சில ரூபாய் விலையுள்ள ஊசி என்பதால் பில்லில்கூட அது கண்ணில் படாது.

பாங்காக்கில் என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிராஜ் மருத்துவமனையில் விச்சாய் பூங்வரினும் அவருடைய சக மருத்துவர்களும் 40 முதல் 80 வயதுக்கு உட்பட்ட 93 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பெருமூளைக்குள் தானாக ஏற்பட்ட ரத்தக்கசிவு. குலுக்கல் முறையில் 46 பேருக்கு டெக்சாமெத்தசோன் கொடுக்கப்பட்டது. 47 பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 21-ஆம் நாள் கணக்குப் பார்த்தார்கள். டெக்சா போட்ட 46 பேரில் 21 பேர் இறந்திருந்தார்கள். வெற்று ஊசி போட்ட 47 பேரிலும் 21 பேர் இறந்திருந்தார்கள். மருந்து ஓர் உயிரைக்கூடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. அதோடு முடிந்திருந்தால் பயனில்லாத மருந்து என்று விட்டுவிடலாம். ஆனால் டெக்சா போட்டவர்களிடம் தொற்றும் சர்க்கரை நோயின் சிக்கல்களும் மிக அதிகமாக இருந்தன. இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு அச்சானது.

அந்த எண்களை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இறந்தவர்களை விட்டுவிட்டுப் பிழைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். டெக்சா பெற்றவர்களில் 25 பேர் மூன்று வாரம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். ஆய்வு என்ற ஒன்றே நடக்காமல், வழக்கமான வார்டில் இந்த 25 பேருக்கும் டெக்சா போட்டிருந்தால், 25 குடும்பங்களும் அந்த ஊசிதான் காப்பாற்றியது என்று நம்பியிருக்கும். போட்ட மருத்துவரும் "என் கையால் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்" என்று மனமார நம்பியிருப்பார். ஆனால் அதே கூரையின் கீழ் வெற்று ஊசி மட்டுமே போட்ட 47 பேரில் 26 பேர் பிழைத்திருந்தார்கள். ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் அனுபவம் எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. "என் முப்பது வருட அனுபவத்தில்" என்று தொடங்கும் எந்த மூத்த மருத்துவரும் இந்த 25-க்கும் 26-க்கும் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

இந்த மருந்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது நம் நோக்கமல்ல. 1961-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் காலிச்சும் ஃபிரெஞ்சும் மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தபோது, கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம் வடிந்து நோயாளிகள் கண்கூடாகத் தேறினார்கள். அது உண்மை, இன்றும் உண்மை. பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலிலும் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் இதற்கு இடமுண்டு. 2020-இல் கொரோனா தீவிரமாகி ஆக்சிஜனும் வென்டிலேட்டரும் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததும் இதே மருந்துதான். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அதை நிரூபித்தது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்குப் பயன்பட்ட மருந்து, ரத்தக்கசிவைச் சுற்றிய வீக்கத்துக்கும் பயன்படும் என்ற ஊகத்தில்தான் தவறு தொடங்கியது. கட்டியைச் சுற்றி வளரும் ரத்தக்குழாய்கள் ஓட்டையானவை. ஸ்டீராய்டு அந்தக் கசிவை அடைக்கிறது. ரத்தக்கசிவில் நடப்பது வேறு. உறைந்த ரத்தம் சுருங்கும்போது பிழிந்து வெளிவரும் நீர், உறைதலின்போது உருவாகும் திராம்பின், சிவப்பணுக்கள் சிதைந்து வெளிவரும் ஹீமோகுளோபின், அதிலிருந்து பிரியும் இரும்பு என்று நாள்கணக்கில் தொடரும் ரசாயனத் தாக்குதல் அது. இரண்டுக்கும் வீக்கம் என்று ஒரே பெயர் இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது.

ஊகம் எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதைத் தலைக்காயத்தில் உலகமே பார்த்துவிட்டது. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு போடுவது பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் நடந்துவந்தது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் இயான் ராபர்ட்ஸ் போன்றவர்கள் முன்னின்று கிராஷ் என்ற பெரும் ஆய்வை நடத்தினார்கள். 20,000 பேரைச் சேர்க்கத் திட்டம். 10,008 பேர் சேர்ந்ததுமே நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21.1 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். 2004-இல் லான்செட் இதழில் இது வெளியானபோது உலகம் முழுவதும் எழுந்த கேள்வி, அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்பதுதான். அந்தக் கணக்கை யாராலும் எடுக்க முடியாது. மூளைக்கு மேலே நாள்பட்டுத் தேங்கும் ரத்தத்துக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2020 டிசம்பரில் வெளியானது. 748 பேர். மருந்து பெற்றவர்களில் 83.9 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள், பெறாதவர்களில் 90.3 சதவீதம்.

இனி வார்டுக்கு வருவோம். அறுபது வயதுக்காரர். பிபி மாத்திரையை இரண்டு மாதமாக விட்டுவிட்டார். சர்க்கரை இருப்பதும் தெரியும், பார்ப்பதில்லை. காலையில் குளித்துவிட்டு வரும்போது வலது கை தொங்கிப்போய், வாய் கோணி, பேச்சு குழறிக் கீழே உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் பிபி 210-க்கு மேல். ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் ரத்தக் கட்டி. டெக்சா ஏறுகிறது. மறுநாள் காலை நர்ஸ் விரலில் குத்தி குளூக்கோமீட்டரில் பார்க்கும்போது சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது. இன்சுலின் எழுதப்படுகிறது. நான்காம் நாள் நெஞ்சில் சளி கட்டுகிறது. ஆனால் காய்ச்சல் இல்லை, ஏனென்றால் ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவைத்திருக்கிறது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை கூடியிருக்கிறது. அது ஸ்டீராய்டாலும் கூடும், தொற்றாலும் கூடும், எதனால் என்று சொல்ல முடியவில்லை. தொற்றைக் கண்டுபிடிக்க மருத்துவர் நம்பியிருக்கும் இரண்டு அடையாளங்களையும் அவர் எழுதிய மருந்தே குழப்பிவிட்டது. நிமோனியா என்று தெரியும்போது மூச்சுத் திணறல் வந்துவிடுகிறது. இடுப்பில் படுக்கைப்புண், ஆறாது, அதற்கும் காரணம் அதே ஊசிதான். தொடைத் தசை வற்றுகிறது. பிழைத்து எழுந்து பிசியோதெரபிக்குப் போனாலும் எழுந்து நிற்கத் தேவையான அந்தத் தசையையும் ஸ்டீராய்டு தின்றிருக்கும். இறந்தால் சான்றிதழில் மூளை ரத்தக்கசிவு என்றிருக்கும். டெக்சாவின் பெயர் எங்கும் இருக்காது. இது எந்த ஒரு மருத்துவமனையின் கதையும் அல்ல. இந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்று மருத்துவப் பாடப் புத்தகமே வரிசையாகச் சொல்வதைத்தான் ஒரு கட்டிலில் படுக்கவைத்துக் காட்டியிருக்கிறோம்.

இதைவிடக் கொடுமை, மூளை ரத்தக்கசிவுக்குப் பயன் தரும் சிகிச்சை இப்போது கையில் இருக்கிறது என்பது. 2023-இல் லான்செட்டில் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வு 7,036 நோயாளிகளைக் கொண்டது. ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் நிறுவனமும் சீன மருத்துவர்களும் சேர்ந்து முன்னெடுத்தார்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் பங்கெடுத்தன. பாகிஸ்தான், வியட்நாம், நைஜீரியா, பெரு என்று பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகள்தான். புதிய மருந்து எதுவும் இல்லை. மேல் பிபியைச் சிகிச்சை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை 37.5 டிகிரிக்கு மேல் போகவிடாமல் தடுப்பது, வார்ஃபாரின் சாப்பிடுபவராக இருந்தால் அதன் விளைவை உடனே முறிப்பது. நான்கையும் சேர்த்து, தாமதமின்றிச் செய்தபோது மோசமான முடிவுக்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைந்தது. உயிரிழப்பும் குறைந்தது. கடுமையான பாதகங்களும் குறைந்தன.

இந்த நான்கில் இரண்டாவதைப் பாருங்கள்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. டெக்சாமெத்தசோன் சில மணி நேரத்திலேயே சர்க்கரையை ஏற்றும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சையின் ஒரு காலை நம் கையாலேயே முறித்துவிட்டுத்தான் நிரூபிக்கப்படாத ஒன்றைக் கொடுக்கிறோம். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிற நாட்டில் இந்தத் தவறின் விலை இன்னும் அதிகம். ரத்தக்கசிவு நோயாளியின் மூளையைக் காக்க இன்று ஏதாவது ஒரு ஹார்மோனுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது என்றால், சர்க்கரை ஏறியவர்களுக்குக் கொடுக்கும் இன்சுலினுக்குத்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், யாரும் தவறாகப் புரிந்துகொண்டு ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ வேறெதற்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவருபவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தால் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அவருடைய அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், உடலுக்குத் தேவையானதை வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். அது மூளையைக் காக்கும் சிகிச்சை அல்ல, உடல் நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வது. அட்டெண்டராக இருப்பவர்கள் அந்த விவரத்தை முதல் நிமிடமே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பக்கம் பெண் ஹார்மோன்களின் பெயரால் நம்பிக்கை விற்கப்படுகிறது. மூளையில் காயம் பட்ட பெண் எலிகளுக்கு வீக்கம் குறைவாக இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி டொனால்டு ஸ்டீன் கவனித்தார்; புரோஜெஸ்டிரோன்தான் காரணம் என்று பல ஆண்டுகள் உழைத்துக் காட்டினார். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வின் முடிவு 2007-இல் வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைக்காயம் பட்ட 100 பேரில், புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 13 சதவீதம் பேர்தான் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் 30 சதவீதம். 2008-இல் சீனாவின் ஹாங்சோவில் 159 பேரிடம் நடந்த ஆய்வும் பலன் தெரிகிறது என்றது. இவ்வளவு நல்ல செய்தி கையில் இருந்தும் அமெரிக்கர்கள் அதை உடனே வார்டுக்குக் கொண்டுபோய்விடவில்லை. பெரிய ஆய்வு நடத்தினார்கள். ப்ரோடெக்ட்-3 ஆய்வில் 882 பேர் சேர்ந்தபோது பயன் இல்லை என்று நிறுத்தப்பட்டது: புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 51 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 55.5 சதவீதம் பேரும் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். 21 நாடுகளில் சுமார் 1,200 பேரிடம் நடந்த சினாப்ஸ் ஆய்வில் 50.4-க்கு 50.5. இரண்டும் 2014 டிசம்பரில் வெளியாயின. அந்தக் கதை தலைக்காயத்தைப் பொறுத்தவரை அங்கே முடிந்தது.

ஈஸ்ட்ரோஜெனின் கதையும் அதேதான். பக்கவாதம் வந்த 664 பெண்களுக்கு, அது மறுபடி வராமல் தடுக்கும் என்று ஈஸ்ட்ரடயால் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளியானது. பக்கவாதமும் குறையவில்லை, உயிரிழப்பும் குறையவில்லை. அமெரிக்காவின் பெண்கள் நல ஆய்வின் இரு ஹார்மோன் பிரிவுகள் 2002-இலும் 2004-இலும் நிறுத்தப்பட்டதற்கு ஹார்மோன் மாத்திரையால் கூடிய பக்கவாதமும் ஒரு காரணம். அவை பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தைப் பற்றியவை, ரத்தக்கசிவைப் பற்றியவை அல்ல என்று யாராவது சொல்லலாம். சரிதான். ரத்தக்கசிவில் இந்த ஹார்மோன்களுக்கு இருக்கும் ஆதாரம் எலிகளிடமிருந்து வந்தது. மனிதர்களிடம் பயனை நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை. எலிகளில் கிடைத்த பலனை ஆராய்வது விஞ்ஞானிகளின் கடமை. அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் "மூளை ரத்தக்கசிவுக்கு ஹார்மோன் ஊசி: விஞ்ஞானிகள் சாதனை" என்று தலைப்புப் போட்டு, எலி என்ற வார்த்தையை நாலாம் பத்தியில் ஒளித்துவைக்கும் செய்தியாளர்களும், அதை அப்படியே வாங்கி அச்சிடும் ஆசிரியர்களும் செய்வது மோசடி. ஐசியு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகள் அதைக் கைபேசியில் படிக்கிறாள். "இந்த ஊசி ஏன் எங்கப்பாவுக்குப் போடல?" என்று மருத்துவரிடம் கேட்கிறாள். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்தவர்கள் பதில் சொல்ல அங்கே இல்லை.

ஏன் டெக்சா இன்னும் போகவில்லை? முதல் காரணம் பயம். மூளையில் ரத்தம் கசிந்தவர் கண் முன்னே மங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த மருத்துவருக்கும் கஷ்டம். "ஏதாவது ஊசி போடுங்க டாக்டர்" என்று உறவினர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று நாளைக்குப் பிரச்சினை வரக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பயத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது இன்று உண்மை அல்ல. பிபியை ஒரு மணி நேரத்துக்குள் இறக்குவது பெரிய வேலை. டிரிப்பில் மருந்தை ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அதிகமாக இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் அந்தக் கட்டிலைவிட்டு நகராமல் நிற்க வேண்டிய வேலை. உறவினருக்கு அதைக் காட்டலாம், விளக்கலாம். ஓர் ஆம்பூலை உடைத்து ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது அதைவிட எளிது என்பதால்தான் டெக்சா வாழ்கிறது.

இரண்டாவது, மூத்தவர் எழுதியதை இளையவர் எழுதுவது. ஹவுஸ் சர்ஜன் பி.ஜி. மாணவரிடமிருந்து கற்கிறார்; பி.ஜி. தன் பேராசிரியரின் பழைய கேஸ் ஷீட்டிலிருந்து கற்கிறார். பேராசிரியர் கற்ற காலத்தில் பாங்காக் ஆய்வு வரவில்லை, அல்லது வந்தும் படிக்கவில்லை. ரவுண்ட்ஸில் ஓர் இளம் மருத்துவர் "சார், இதற்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்கிறார்களே" என்று கேட்டால் "நீ எனக்குச் சொல்லித்தர்றியா?" என்ற பதில் வரும் துறைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பதிலுக்குப் பிறகு அந்த மாணவர் வாய் திறக்க மாட்டார். பத்து வருடம் கழித்து அவரும் அதையே எழுதுவார். அந்தத் துறைத் தலைவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: உங்கள் மாணவரின் கேள்வி உங்களை அவமதிக்கவில்லை. உங்கள் நோயாளியைக் காக்க எழுந்த குரல் அது. அதை அடக்குவது கற்பித்தலும் ஆகாது, மருத்துவமும் ஆகாது.

மூன்றாவது, யாரும் கணக்கெடுக்காதது. எத்தனை ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு எழுதப்பட்டது என்று எந்த மருத்துவமனையும் தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் ஒரே நாளில் பதில் கிடைக்கும்; கேஸ் ஷீட்டுகள் ரெக்கார்டு அறையில் அடுக்கித்தான் இருக்கின்றன.

நாம் கேட்பது அதிகமில்லை. தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சை முன்னெடுப்பான தாய் (TAEI) திட்டத்தில் பக்கவாதமும் ஒரு பிரிவு. அந்தத் திட்டத்தின் கீழ் வரும் ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும், மூளை ரத்தக்கசிவுக்கு டெக்சாமெத்தசோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு கூடாது என்ற வரி, பிபி, சர்க்கரை, காய்ச்சல் இலக்குகளோடு சேர்த்துச் சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். அதைப் படிக்கும் உரிமை அட்டெண்டருக்கும் உண்டு என்பதால்தான் தமிழிலும் வேண்டும் என்கிறோம். தவிர்க்க முடியாத காரணத்தால் யாராவது ஸ்டீராய்டு எழுதினால், காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி மூத்த மருத்துவர் பெயரோடு கையெழுத்திட வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும், பாதிக்கு மேல் தானாக நின்றுவிடும் என்று நம்புகிறோம்.

தனியார் மருத்துவமனைகளுக்கு இது பொருந்தாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் எந்த மருத்துவமனையும் அரசு கேட்கும் தகவலைத் தர வேண்டியதே. ரத்தக்கசிவுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆய்வு செய்யும் அதிகாரிகள் மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்த்து விளக்கம் கேட்க வேண்டும். நர்சிங் ஹோம் நடத்துபவர்களின் சங்கங்கள், ஆண்டுதோறும் நட்சத்திர ஓட்டல்களில் நடத்தும் கருத்தரங்குகளில் ஓர் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கட்டும்.

மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., டி.எம். தேர்வுகளில் இதைக் கேள்வியாக வையுங்கள். தேர்வில் வருவதை நம் மாணவர்கள் மறப்பதில்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி மதிப்பெண்களை வழங்கும்போது பக்கவாத அவசர சிகிச்சைக்கென ஒரு பகுதியைக் கட்டாயமாக்கட்டும்.

புரோஜெஸ்டிரோனையோ ஈஸ்ட்ரோஜெனையோ ரத்தக்கசிவு நோயாளியின் மூளையைக் காக்கக் கொடுத்துப் பார்க்க விரும்பும் மருத்துவருக்கு வழி திறந்தே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது; 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, குடும்பத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, ஒப்பிட ஒரு குழுவோடு செய்யுங்கள். அப்படிச் செய்தால் இவ்விதழ் முழுப் பக்கம் ஒதுக்கி அதன் முடிவை வெளியிடும், வெற்றியானாலும் தோல்வியானாலும். அதற்கு வெளியே தனி நோயாளியிடம் "முயற்சி செய்து பார்ப்போம்" என்று கொடுப்பதை யாரும் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

வீட்டில் இந்த நிலை வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவரோடு சண்டை போடாதீர்கள், ஊசியைப் பிடுங்காதீர்கள். மூன்று கேள்விகளை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்: பிபி இப்போது எவ்வளவு, எவ்வளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்? சர்க்கரை எவ்வளவு? ஸ்டீராய்டு ஏதாவது கொடுக்கிறீர்களா, கொடுத்தால் எதற்காக? நல்ல மருத்துவர் மூன்றுக்கும் நின்று பதில் சொல்வார்.

மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஒரு காலக்கெடுவையும் வைக்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அனைத்திலும் கடந்த ஓராண்டில் சேர்ந்த மூளை ரத்தக்கசிவு நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பிபி இலக்கை எட்டியது என்ற இரண்டே எண்களை, மருத்துவமனை வாரியாக, மூன்று மாதத்துக்குள் வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். எண்கள் வெளியே வரட்டும். அடுத்த ஆண்டும் அதே இரண்டு எண்களை வெளியிடுங்கள். முதல் எண் பூஜ்ஜியத்தை நெருங்கும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.